உப்பு, கரி, செப்புத் தகடு

"…எங்க ஊர்ல தோண்டினா உள்ள இருக்கிறதை வெளிய எடுப்பாங்க தம்பி. தோண்டிட்டு உள்ள வைக்கிறவனை இப்பதான் பாக்கிறேன்" என்றார் ஓனரம்மா.

ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில், இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி. குழியின் ஓரத்தில் ஒரு மூட்டை கல்லுப்பு, ஒரு மூட்டை அடுப்புக்கரி, ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பளபளவென்று ஒரு செப்புத் தகடு. மூலையில் குங்குமம் தடவி இரண்டாக அறுத்து வைத்த எலுமிச்சம்பழம். ஓனரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

அவருக்குச் சொந்த ஊர் தங்கவயல். கணவர் கடைசி வரைக்கும் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். தோண்டுகிற விஷயத்தில் அந்த அம்மாவை ஏமாற்றுவது நடக்கிற காரியமில்லை.

எனக்கு ஒரு குணம். யாராவது ஒரு நல்ல வாக்கியம் பேசிவிட்டால், எதற்காகப் பேசினார்கள் என்பதை மறந்துவிட்டு வாக்கியத்தை எடுத்து மடியில் கட்டிக்கொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான். என் தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது, 'தோண்டிட்டு உள்ள வைக்கிறவன்' என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மாடிப்படியில் நின்ற மனைவி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அவள் முறைத்த முறைப்பில் நியாயம் இருந்தது. முந்தின நாள்தான் ஓனரம்மா அவளிடம், "உன் வீட்டுக்காரரு ஏதோ பண்றாரு. எனக்கு மனசு ஒப்பலைன்னா வீட்டைக் காலி பண்ணிடணும் பாப்பா" என்று சொல்லியிருந்தார். மனைவி ஆசிரியை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருந்தது. பிரேசர் டவுனில் தொடங்கி தொம்மலூர் வரைக்கும் அலைந்து, கடைசியில் கிடைத்த வீடு இது. அந்தக் குழியை மூடச் சொன்னால், அதோடு சேர்த்து எங்கள் குடித்தனத்தையும் மூட வேண்டியதுதான்.

அந்தக் குழி செய்வினைக்கு இல்லை, பாட்டுக் கேட்பதற்கு என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

என்னிடம் ஒரு ஹைஃபை செட் இருக்கிறது. இரண்டு பேர் பிடித்தால்தான் மாடிக்கு ஏறும் ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு ரிக்கார்டு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர். இதெல்லாம் நான் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. முதலில் காது கற்றுக்கொண்டது, பிறகு கை. மீதியை எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் நின்று பேசிப் பேசியே தெரிந்துகொண்டேன். அங்கே ஒரு கடைக்காரர் சொன்னார்: "பாட்டு ஸ்பீக்கர்ல ஆரம்பிக்கல சார், சுவத்துல ஆரம்பிக்குது." சுவர் என்று அவர் சொன்னது மின்சாரம் வருகிற ஓட்டையை. இந்த வாக்கியமும் மடியில் ஏறியது. அதை நம்பித்தான் புது வீட்டில் எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். மெயின் போர்டிலிருந்து கூடத்துக்குத் தனியாகக் கனமான ஒரு வயர். ஃப்ரிட்ஜ், மிக்ஸி எதுவும் அந்த லைனில் தலைகாட்டக் கூடாது. ஒரே இடத்தில் வரிசையாக பிளக் பாயின்ட்டுகள். செட்டின் எல்லாப் பெட்டிகளுக்கும் அங்கேயே மின்சாரம், அங்கேயே எர்த்.

எல்லாம் முடித்து ரிக்கார்டைச் சுழலவிட்டேன். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் யாரோ எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அடக்கிக்கொண்டிருப்பது மாதிரி.

எப்போதும் இருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இது நேரம் பார்த்து வந்தது. காலையில் வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். சில நாள் சாயங்காலமும் வரும். மழை பெய்கிற நாளில் குரல் கொஞ்சம் மாறும். கம்பிக்கு நேரம் காலம் தெரியாது. நேரம் பார்த்து வருகிறதென்றால் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு காது சும்மா இருக்குமா? கீழ்வீட்டில் குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் மேலே 'ம்ம்ம்'. மறுபடி கவனித்தேன். மறுபடியும் கதவு, மறுபடியும் 'ம்ம்ம்'. கீழே யாரோ நம் லைனில் கை வைக்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். கீழே 'யாரோ' என்று ஊர்ப்பட்ட ஜனமா இருக்கிறது, ஓனரம்மா ஒருத்தர்தானே, பேரைச் சொல்லிச் சந்தேகப்படத் தைரியமில்லையா என்று கேட்டாள்.

தைரியம் இல்லைதான். அதனால் ஒரு காலையில் வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் எங்கள் மீட்டர் முன்னால் போய் நின்றேன். யாராவது கொக்கி போட்டிருந்தால் அந்தச் சிவப்புப் புள்ளி சிமிட்ட வேண்டும். நின்றேன், நின்றேன், சிமிட்டவில்லை. திருட்டு இல்லை. ஆனால் சந்தேகம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அதுவரைக்கும் அதற்குத் திருட்டு என்று ஒரு பெயர் இருந்தது, இப்போது பெயரும் இல்லாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் ஓனரம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மாடியில் குடியிருப்பவன் விடிந்தும் விடியாமலும் இறங்கி வந்து, மீட்டர் பெட்டி முன்னால் அசையாமல் நின்று, வாய்க்குள் எதையோ முணுமுணுக்கிறான்.

அந்த முணுமுணுப்பு மனைவி மூலமாகத் திரும்பி வந்தது. மாலையில் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஓனரம்மா பேசியிருக்கிறார். கீழ்வீட்டுக் குழாய் கடிக்கிறதாம். தண்ணீர் திறக்கக் கை வைத்தால் சுரீர் என்று இழுக்கிறதாம். முன்பெல்லாம் லேசாகத்தான் இருந்ததாம், இப்போது மாடியில் பாட்டுப் போட்டால் கீழே குழாய் கடிக்கிறதாம். குளியலறைக்குள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் போகிறார். குழாயின் கைப்பிடியில் பால் பாக்கெட் கவரைச் சுற்றி நூலால் கட்டியிருக்கிறார். கதவுக்கு மேல் எலுமிச்சை, மிளகாய். எங்கள் மாடி பின்னால் கட்டியது, குழாயெல்லாம் பிளாஸ்டிக். அதனால் எங்களைக் கடிக்கவில்லை. எங்களை மட்டும் கடிக்காமல் விட்டதும் அவர் கணக்கில் ஒரு சாட்சி.

அவருடைய சந்தேகத்துக்கு எங்களுக்கு முன்பே ஒரு முகவரி இருந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய ஓரகத்தி, அதாவது கணவரின் தம்பி மனைவி. காம்பவுண்டுச் சுவர் யார் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதில் இரண்டு வீட்டுக்கும் வெகுநாள் வழக்கு. அந்தப் பெண்பிள்ளை எங்கேயோ போய் யாரையோ பார்த்து ஏதோ செய்துவிட்டாள் என்பது ஓனரம்மாவின் முடிவு. எங்களுக்கு இந்த வீட்டைக் காட்டிய ஆட்டோக்காரர் அந்த ஓரகத்தி வீட்டில்தான் குடியிருந்தார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓனரம்மா மறக்கவில்லை. "அவ அனுப்பிச்ச ஆளாட்டம் இருக்குதே" என்று என் மனைவியிடமே எங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார், ஏதோ வேறு யாரையோ பற்றிக் கேட்கிற மாதிரி.

இதற்கு நடுவில் நான் ஒரு சோதனை செய்தேன். ஆம்ப்ளிஃபையரின் பிளக்கில் மூன்று காலில் பெரிய காலின்மேல், அதாவது எர்த் காலின்மேல், இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். 'ம்ம்ம்' நின்றுவிட்டது. பெட்டியில் இருக்கும் கெட்டதெல்லாம் மண்ணுக்குப் போவதற்காக வைத்த வழி அது. அந்த வழியாக எதுவோ உள்ளே வந்துகொண்டிருந்தது.

காக்ஸ் டவுனிலிருந்து ஓர் எலெக்ட்ரீஷியன் வந்தார். தன்னைத் தவிர இந்த ஊரில் வேறு எந்த எலெக்ட்ரீஷியனையும் நம்பாதவர். டேப்பைப் பார்த்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டினார். ஒருநாள் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு கிடப்பீர்கள் என்றார். பிறகு போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதைச் செஞ்சவன் எலெக்ட்ரீஷியன் இல்ல சார், எதிரி" என்றார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து எர்த்துக்கான பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார், நான் பின்னாலேயே போனேன். அந்த வயர் இரண்டு வீட்டுக்கும் பொது. சுவரோரமாக ஓடி, மீட்டரைத் தாண்டி, பின்பக்கம் ஓர் இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றி முறுக்கியிருந்தது. அந்தக் காலத்தில் அதுதான் எர்த். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகும், மின்சாரமும் கூடவே போகும். எலெக்ட்ரீஷியன் குந்தி உட்கார்ந்து மண்ணைத் தள்ளினார். ஒரு சாணுக்குக் கீழே இரும்பு முடிந்து பிளாஸ்டிக் தொடங்கியது. சாலையைத் தோண்டியபோது யாரோ குழாய் மாற்றியிருக்கிறார்கள், பச்சை வயரைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. "இந்த எர்த்து பூமிக்குப் போகல சார். பூமிய எட்டிப் பாத்துட்டுத் திரும்பி வீட்டுக்கே வந்துடுது" என்றார்.

எங்கிருந்து கிளம்பித் திரும்பி வருகிறது என்று கேட்டேன். அதைச் சொல்ல இரண்டு வீட்டையும் சோதிக்க வேண்டும், கீழ்வீட்டம்மா உள்ளே விடுவாரா என்று கேட்டார். நான் கீழ்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். எதுவாக இருந்தாலும் முதலில் ஒழுங்கான எர்த் குழி போடுவோம் என்றார். செப்புத் தகட்டை நட்டமாக நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே தண்ணீர் விட வேண்டும். ஈரம் நின்றால்தான் மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். மனைவி கீழே போய், பின்னாடி ஒரு குழி, கரண்டு வேலைக்கு என்று அனுமதி கேட்டாள். மாதுளைச் செடி மேல் படாமல் தோண்டச் சொல் என்று மட்டும் ஓனரம்மா சொன்னாராம். உள்ளே என்ன போடப் போகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழி தோண்டி முடித்ததும் எலெக்ட்ரீஷியன் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து அறுத்து, குங்குமம் தடவி, மூலையில் வைத்துக் கும்பிட்டார். மண்ணில் கை வைக்கிற எந்த வேலையிலும் அவர் வழக்கம் அதுவாம். உப்பும் கரியும் தகடும் மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை விளக்கிச் சொல்லித் தப்பித்திருப்பேன். அந்த எலுமிச்சம்பழம் எங்களைக் கவிழ்த்துவிட்டது. அந்த நேரத்தில்தான் ஓனரம்மா பின்கதவைத் திறந்துகொண்டு வந்து, முதலில் நான் எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"அந்தத் தகட்டைத் திருப்பு" என்றார் அடுத்து.

திருப்பினேன். அந்தப் பக்கமும் வழவழவென்று இருந்தது. ஊசியால் கீறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி, என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனார். புளி கொண்டுவந்து இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவினார். அங்கிருந்த குழாயிலும் பால் கவர் சுற்றியிருந்தது, அதைப் பிடித்துத்தான் திறந்தார். தகட்டைச் சூரியனுக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன், இன்னும் இறுகியது. ஒன்றுமே எழுதாமல் ஒருத்தன் செப்புத் தகட்டைப் புதைக்கிறான் என்றால் அது இன்னும் பெரிய விஷயமாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

"அம்மா, அந்தக் குழாயைத் தொடாதீங்க" என்றேன். நல்லெண்ணத்தில் சொன்னது.

"என் குழாய் கடிக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் ஆன்ட்டி எங்கிட்ட சொன்னீங்க" என்றாள் மனைவி படியிலிருந்து.

"உங்கிட்ட சொன்னேன். இவர்கிட்ட சொல்லச் சொன்னேனா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உன் பெட்டி பாடுறப்பதான் கடிக்குது. சும்மா சொல்லல. போய் அதை அணை. இந்தக் கரண்டுக்காரரு என் கண் முன்னாடி பாத்துச் சொல்லட்டும்."

எலெக்ட்ரீஷியனுக்கு இது போதும். இத்தனை நேரம் கீழ்வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று யோசித்துக்கொண்டிருந்தவர், காலைக் கழுவிக்கொண்டு டெஸ்டருடன் குளியலறைக்குள் போனார். குழாயின் மேல் சுற்றியிருந்த கவரைத் தள்ளி டெஸ்டர் முனையை வைத்தார். கைப்பிடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக விளக்கு எரிந்தது. தண்ணீர்க் குழாயில் எரியவே கூடாத விளக்கு.

"பாத்தியா" என்றார் ஓனரம்மா என்னிடம், ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நிரூபித்துவிட்ட நிதானத்தோடு.

மனைவி மேலே ஓடினாள். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் அறுந்தது. பாட்டு மட்டும் போதாது என்று எலெக்ட்ரீஷியன் குரல் கொடுத்தார். மாடி மெயினையே இறக்கிவிட்டாள். எங்கள் வீட்டில் ஒரு துளி மின்சாரம் இல்லை. டெஸ்டரில் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

எலெக்ட்ரீஷியன் சுற்றிலும் பார்த்தார். சுவரின் மேலே வெள்ளையாக, அடிப்பக்கம் துருப்பிடித்த ஒரு கீசர். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் குளிப்பதற்காகப் போட்டது. அவர் கையை நீட்டி அதன் ஸ்விட்சை அணைத்தார். டெஸ்டர் இருண்டது. போட்டார், எரிந்தது. மறுபடி அணைத்தார், இருண்டது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. கீசரின் உள்ளே சூடாக்கும் கம்பி எங்கோ கசிகிறது. கசிந்த மின்சாரம் பச்சை வயரில் ஏறி, மண்ணுக்குப் போக வழியில்லாமல், ஒரு பக்கம் அவருடைய குழாயிலும் இன்னொரு பக்கம் என் ஆம்ப்ளிஃபையரிலும் போய் நிற்கிறது. அவர் குளிக்கிற நேரம்தான் நான் பாட்டுக் கேட்கிற நேரம். என் 'ம்ம்ம்'தான் அவருடைய சுரீர். நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அதே நிமிஷங்களில் அவர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஓனரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கீசரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யாரு குடுத்தது தெரியுமா?" என்றார் மெதுவாக.

யார் என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார். ஓனரம்மா பக்கத்துத் தெருவின் பக்கம் மோவாயைத் தூக்கினார்.

"அவதான். புதுசு வாங்கினா, பழசை எனக்கு அனுப்பினா. 'அக்கா, உங்களுக்கு முட்டி வலி, சுடுதண்ணி ஊத்துங்க'ன்னு அவ பையனையே அனுப்பி மாட்டிக் குடுத்தா. ஆணிகூட அவங்க வீட்டு ஆணி."

பழைய கீசர் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் கசியத்தான் செய்யும், இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. பின்னால் வந்து நின்ற மனைவி என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், 'அவங்க வீட்டு ஆணி' என்று அவர் சொன்னபோது எனக்கே ஒரு கணம் அந்த ஆணிமேல் கண் போனது.

மறுபடி எல்லோரும் குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றோம். கம்பி மாற்றாமல் கீசரைப் போடக் கூடாது என்று எலெக்ட்ரீஷியன் கண்டிப்பாகச் சொன்னார். அப்படியானால் கீசரைக் கழற்றி எறிந்தால் போதுமே, குழி எதற்கு என்று ஓனரம்மா கேட்டார். இந்தக் கேள்விக்குத் தவறான பதில் வந்தால் நாளைக்கே அட்டைப்பெட்டி தேட வேண்டும்.

எலெக்ட்ரீஷியன் யோசித்தார். "இன்னிக்கு இது, நாளைக்கு வேற ஒண்ணு கசியும்மா. வாஷிங் மெஷின் இருக்கு, மோட்டார் இருக்கு. வீட்டுக்குள்ள எந்தக் கெட்டது வந்தாலும் இந்தத் தகடு மண்ணுக்கு இழுத்துக்கும். உங்க கைக்கு வராது."

அவருக்காக அப்படிச் சொன்னாரா, இல்லை விஷயமே அவ்வளவுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஓனரம்மா தகட்டைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். உப்பு மூட்டையிடம் வந்ததும் கண் நின்றது.

"உப்பு எங்க வாங்கின?"

மூலைக் கடையில் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த மூலை எந்தத் தெருவின் மூலை என்பது எனக்கு உறைத்தது. ஓரகத்தி வீட்டுக்கு எதிர்க் கடை.

ஓனரம்மா திரும்பி உள்ளே போனார். பின்கதவு சாத்துகிற சத்தமும் தாழ்ப்பாள் சத்தமும் கேட்டன. எலெக்ட்ரீஷியன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்க்கவில்லை, மாடி ஜன்னலைப் பார்த்தாள், அதற்குள் இருக்கும் சாமான்களை மனதுக்குள் கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டலாமா, தட்டினால் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார் என்று நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

தாழ்ப்பாள் மறுபடி சத்தம் போட்டது. ஓனரம்மா இடுப்பில் ஒரு பீங்கான் ஜாடியை வைத்துக்கொண்டு வந்தார். என்னுடைய உப்பு மூட்டையைக் காலால் சுவரோரமாகத் தள்ளினார். தகட்டை இறக்கச் சொல்லி எலெக்ட்ரீஷியனுக்குக் கையைக் காட்டினார். அது குழிக்குள் நேராக நின்றதும், குனிந்து, தன் சமையலறை உப்பை ஜாடியோடு கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததையும் தட்டித் தட்டி அதன்மேல் கொட்டினார்.